உளவுப் படத்துக்கு எந்த ஃப்ரேம்: ஸ்கோப்பா, 1.85ஆ, ஐமேக்ஸா?

உளவுப் படம் எடுக்கப்போகும் ஒருவரிடம் எந்த விகிதத்தில் எடுக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் யோசிக்காமலே "ஸ்கோப்" என்று சொல்லிவிடுவார். பெரிய திரைக்கான படம், நாலு நாட்டில் கதை நடக்கிறது, கார் துரத்தல் இருக்கிறது, அப்புறம் வேறென்ன என்பதுதான் கணக்கு. ஸ்கோப் பல உளவுப் படங்களுக்குப் பொருந்தும், அதில் சண்டை இல்லை. ஆனால் உளவுப் படத்தில் ஃப்ரேமுக்கு இருக்கும் வேலை மற்ற ஆக்‌ஷன் படங்களைவிட அதிகம். யாருக்கு என்ன தெரியும், யாருக்கு இன்னும் தெரியவில்லை என்பதில்தான் மொத்தக் கதையும் ஓடுகிறது. பின்னால் வருகிறவனை நாயகி பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம். மேசைக்கு அடியில் கைமாறும் உறையை எதிரில் இருப்பவர் கவனிக்கவில்லை, நாம் கவனிக்கிறோம், அல்லது நாமும் கவனிக்காமல் விட்டு இருபது நிமிடம் கழித்துத் திடுக்கிடுகிறோம். ஃப்ரேமின் விளிம்பு எங்கே முடிகிறது, உள்ளே எது ஃபோகஸில் இருக்கிறது, இந்த இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

அதனால் கேமரா வாடகைக்கு போன் போடுவதற்கு முன்னால் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து திரைக்கதையைப் படியுங்கள். ஒவ்வொரு முக்கியமான காட்சியிலும் மறைந்திருக்கும் விஷயம் எங்கே இருக்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்: பக்கவாட்டிலா, மேலே கீழேயா, அல்லது ஆழத்தில் பின்னாலா. ரயில் பெட்டியில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருப்பவன் பக்கவாட்டு. மாடிப்படிக் கிணற்றில் மூன்று தளம் கீழே நிற்பவன் உயரம். ஹோட்டல் கூடத்தின் கடைசியில் செய்தித்தாள் படிப்பதுபோல நடிப்பவன் ஆழம். படித்து முடிக்கும்போது எந்தக் குறி அதிகம் என்பது தெரிந்துவிடும், விகிதத்தைப் பற்றிய முக்கால்வாசி முடிவு அங்கேயே வந்துவிடுகிறது. பட்ஜெட், கேமரா, லென்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

விகிதம் என்றால் படத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். தியேட்டர் படத்துக்கு இன்று நடைமுறையில் இருப்பவை இரண்டு: ஸ்கோப் எனப்படும் 2.39, ஃப்ளாட் எனப்படும் 1.85. இவற்றோடு 70 எம்.எம்.மின் 2.20, ஐமேக்ஸின் 1.90, 1.43, தொலைக்காட்சியின் 1.78. நடுவில் 2.00 இருக்கிறது, ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ 1998இல் தியேட்டருக்கும் டிவிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று முன்வைத்தது. இப்போது ஓடிடி தொடர்களில் அதை நிறையப் பார்க்கலாம்.

முதலில் திரையைப் பாருங்கள்

பெரிய திரைக்கு எடுக்கிறோம் என்றால் அந்தத் திரை என்ன வடிவத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் படி. பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். பழைய பெரிய அரங்குகளில் திரையின் உயரம் மாறாது, ஸ்கோப் படம் வந்தால் பக்கத்துத் திரைச்சீலைகள் விலகி அகலம் கூடும். அங்கே ஸ்கோப் நிஜமாகவே பெரியது. ஆனால் பல மல்டிபிளக்ஸ்களில் திரையே 1.85 வடிவத்தில்தான் இருக்கிறது, அகலம் மாறாது, ஸ்கோப் படம் வந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து படத்தின் உயரம் குறையும். அதாவது "பிரம்மாண்டம் வேண்டும்" என்று ஸ்கோப் எடுத்த படம், பக்கத்து ஹாலில் ஓடும் 1.85 குடும்பப் படத்தைவிடச் சிறிய பரப்பில் தெரியும்! டிஜிட்டல் பிரதியிலும் அப்படித்தான். 4கே டிசிபியில் (தியேட்டருக்கு அனுப்பும் டிஜிட்டல் கோப்பு) ஃப்ளாட் 3996 x 2160 பிக்சல், ஸ்கோப் 4096 x 1716. பெருக்கிப் பார்த்தால் ஃப்ளாட்டுக்குத்தான் பிக்சல் அதிகம்.

இதைச் சொல்வது ஸ்கோப் வேண்டாம் என்பதற்காக இல்லை. அகலமான வடிவத்தை எடுத்துக்கொள்ளும் காரணம் அதன் கம்போசிஷனாக இருக்கட்டும், அளவுக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் படம் முக்கியமாக எந்த மாதிரி அரங்குகளில் ஓடப்போகிறது என்று விநியோகஸ்தரிடம் முன்பே கேளுங்கள். ஐமேக்ஸ் வெளியீடு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், அது பின்னால் எல்லாவற்றையும் மாற்றும்.

ஸ்கோப் எப்போது, ஃப்ளாட் எப்போது

ஸ்கோப்பின் பெரிய பலம், ஒரே ஃப்ரேமில் இரண்டு தகவலைத் தள்ளித்தள்ளி வைக்க முடிவது. இடது ஓரத்தில் நாயகன் போன் பேசுகிறான், வலது ஓரத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒரு கார் நிற்கிறது. கட் எதுவும் இல்லை. பார்வையாளரின் கண் ஒரு பக்கம் இருக்கும்போது மறுபக்கம் ஏதாவது நடக்கும், பாதிப் பேர் பார்ப்பார்கள், பாதிப் பேர் தவறவிடுவார்கள், இரண்டாவது முறை வந்து பார்ப்பார்கள். விசாரணை அறையில் மேசையின் இரு முனையிலும் இரண்டு பேர், நடுவில் வெறும் மேசை: அந்த வெறுமையே அழுத்தம் தரும். பேரம் பேசும் காட்சி, கைதிகளைப் பாலத்தில் மாற்றிக்கொள்ளும் காட்சி, ரயில், கப்பல் தளம், தண்ணீருக்கு அடியில் நீந்தும் சண்டை, எல்லாம் படுக்கைவாட்டில் விரிகிறவை. முதல் மூன்று ஜேம்ஸ் பாண்ட் படங்கள் ஸ்கோப் இல்லை. 1965இல் வந்த 'தண்டர்பால்'தான் அந்த வரிசையில் முதல் பானாவிஷன் அனமார்ஃபிக் (படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிக்கும் லென்ஸ், பின்னால் வரும்) படம், நீருக்கடியில் நடக்கும் அதன் நீண்ட காட்சிகளைப் பார்த்தால் அகலம் எதற்குப் பயன்படுகிறது என்று புரியும்.

ஸ்கோப்பில் கஷ்டப்படுவது உயரமும் தனிமையும். ஒருவர் முழு உடலோடு நின்றால் இரு பக்கமும் நிறைய இடம் மீந்துபோகும், அங்கே என்ன வைப்பது என்று கலை இயக்குநர் தலையைப் பிய்த்துக்கொள்வார். குளோசப் போனால் நெற்றியும் தாடையும் வெட்டுப்படும். கட்டடத்தின் உச்சியிலிருந்து தொங்குகிறவனைக் காட்டினால் கீழே உள்ள தரை ஃப்ரேமுக்குள் வராது, கேமராவைச் சாய்த்தோ தலைக்கு மேலே வைத்தோதான் சமாளிக்க வேண்டும்.

இங்கேதான் 1.85 கைகொடுக்கும். ஃப்ளாட் என்றால் சின்னப் படம் என்ற எண்ணம் ஏன் இன்னும் போகவில்லை என்று எனக்குப் புரியவில்லை. 1973, 1974இல் வந்த இரண்டு பாண்ட் படங்கள் ஸ்கோப்பை விட்டு 1.85க்குத் திரும்பின, 1977இல்தான் மறுபடி அனமார்ஃபிக். ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) விஸ்டாவிஷனில் (35 எம்.எம். ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓட்டும் முறை) எடுத்தது, அதுவும் ஸ்கோப் இல்லை. மவுண்ட் ரஷ்மோர் மலையில் செதுக்கிய முகங்களில் தொங்கும் கடைசிக் காட்சியில் மேலே இருக்கும் கையும் கீழே இருக்கும் பள்ளமும் ஒரே ஷாட்டில் பொருந்துவதற்கு அந்த உயரம் உதவுகிறது. தனி ஒருவனின் பயத்தைப் பற்றிய படம், குறுகலான மாடிப்படிகள், லிஃப்ட், காற்றுக் குழாய், போன் பூத், ஆளைச் சுற்றிச் சுவர்கள் நெருக்கும் உணர்வு, இவை உங்கள் கதையில் அதிகம் என்றால் 1.85ஐத் தயங்காமல் எடுங்கள்.

உங்கள் குறிகளில் இரண்டும் சரிபாதியாக இருக்கிறதா? அப்படியானால் 2.00ஐச் சோதித்துப் பாருங்கள், ஆனால் ஒரு எச்சரிக்கை: தியேட்டரில் 2.00க்கு என்று தனித் திரை கிடையாது, ஃப்ளாட் அல்லது ஸ்கோப் டிசிபிக்குள் பட்டையோடுதான் உட்காரும்.

ஆழம்: யாரும் கேட்காத கேள்வி

பென்சில் குறிகளில் 'ஆழம்' என்று எழுதியவை அதிகம் இருந்தால் விகிதத்தைவிட ஃபார்மட் முக்கியம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உளவுப் படங்கள் அதிகமாகக் கெடுவது இங்கேதான்.

நெகட்டிவோ சென்சாரோ பெரிதாகப் பெரிதாக, அதே கோணத்தில் அதே ஷாட்டை எடுக்க நீளமான லென்ஸ் (அதாவது குவிய தூரம் அதிகமானது) தேவைப்படும். லென்ஸ் நீளமாக ஆக ஃபோகஸின் ஆழம் குறையும். பின்னணி அழகாகக் கரைந்துபோகும், விளம்பரப் படத்துக்கு அது வரம். ஆனால் பின்தொடரும் காட்சியில் பின்னால் வருகிறவன் பின்னணியில்தானே இருக்கிறான்! அவன் வெறும் மங்கலான கறையாக இருந்தால், பார்வையாளர் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. ஃபோகஸ் புல்லர் பின்னால் ஃபோகஸை மாற்றும்போதுதான் தெரியும், அப்போது இயக்குநர் விரலை நீட்டிக் காட்டியது போல ஆகிவிடும். பார்வையாளர் தாமாகக் கண்டுபிடிக்கும் சுகம் போய்விட்டது.

சூப்பர் 35 அளவில் (வழக்கமான 35 எம்.எம். சினிமா சென்சார்) டி4இல் கிடைக்கும் ஆழம் ('டி' எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும், எண் கூடினால் திறப்பு சிறிது), 65 எம்.எம். அளவுள்ள சென்சாரில் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட டி8க்கு மூட வேண்டும். இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம். பகல் வெளிப்புறத்தில் பிரச்சினை இல்லை. இரவு நேரத்தில் ஈரமான தெருவில், தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒருவனை இன்னொருவன் பின்தொடர்கிறான் என்றால் அந்த நாலு மடங்கு எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஐஎஸ்ஓவைக் கூட்டலாம், லைட் கூட்டலாம், இல்லை சின்ன ஃபார்மட்டுக்குப் போகலாம். சின்ன ஃபார்மட் என்பது குறைபாடு இல்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டிய இடம் இது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பாடம் 1965இல் வந்த 'தி இப்க்ரெஸ் ஃபைல்'. அது டெக்னிஸ்கோப்பில் எடுத்தது. வழக்கமான 35 எம்.எம். ஃப்ரேமின் உயரம் ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் நான்கு துளை, டெக்னிஸ்கோப்புக்கு இரண்டே துளை. நெகட்டிவ் பாதி மிச்சம், 1000 அடி ரோல் 11 நிமிடத்துக்குப் பதிலாக 22 நிமிடம் ஓடும். செலவைக் குறைக்க வந்த முறைதான். ஆனால் அனமார்ஃபிக் லென்ஸ் இல்லாமல் சாதாரண ஸ்ஃபெரிக்கல் லென்ஸிலேயே அகலமான படம் கிடைப்பதால், லென்ஸுக்கு மிக அருகில் ஒரு விளக்கையோ தோள்பட்டையையோ வைத்து அதன் இடுக்கு வழியாகப் பின்னால் இருப்பவரைத் தெளிவாகக் காட்ட முடிந்தது. யாரோ ஒளிந்து பார்க்கிறார்கள் என்ற உணர்வு படம் முழுக்க இருக்கிறது. இரண்டு துளை 35 எம்.எம். கேமராக்கள் இன்றும் கிடைக்கின்றன, ஃபிலிமில் எடுக்க ஆசை இருந்து பணம் குறைவாக இருந்தால் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். கிரெயின் அதிகம் தெரியும், அந்த வகைக் கதைக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

அனமார்ஃபிக்கா, ஸ்ஃபெரிக்கலா

ஸ்கோப் என்று முடிவான பிறகு வரும் கேள்வி. அனமார்ஃபிக் லென்ஸ் படத்தைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி நெகட்டிவில் பதிக்கும், திரையிடும்போது விரித்துக்கொள்வார்கள். இதனால் நெகட்டிவின் முழு உயரமும் பயன்படும். ஸ்ஃபெரிக்கலில் எடுத்து மேலும் கீழும் வெட்டி ஸ்கோப் ஆக்கினால் 35 எம்.எம்.மில் அதைவிட வெகு குறைவான பரப்புதான் மிஞ்சும், அனமார்ஃபிக்குக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் சாதகம். 50 எம்.எம். அனமார்ஃபிக் லென்ஸ் உயரத்தில் 50 போலவும் அகலத்தில் 25 போலவும் பார்க்கும், அதனால்தான் முகம் நெருக்கமாகவும் சுற்றியுள்ள இடம் விரிந்தும் ஒரே நேரத்தில் தெரிகிறது.

பதிலுக்கு அது கேட்பதும் நிறைய. பல லென்ஸ்கள் மூன்று அடிக்குக் கீழே ஃபோகஸ் ஆகாது, சாவித் துளை, மைக்ரோஃபிலிம், கைக்கடிகாரம் போன்ற இன்சர்ட்டுகளுக்கு டயாப்டர் (அருகில் ஃபோகஸ் செய்ய லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடி) மாட்ட வேண்டும். ஓரங்களில் நேர்கோடு வளையும், நீண்ட நடைபாதையும் கோப்பு அலமாரிகளும் நிறைந்த அலுவலகக் காட்சிகளில் அது பளிச்சென்று தெரியும். டார்ச் வெளிச்சத்தில் நடக்கும் திருட்டுக் காட்சியில் லென்ஸுக்குள் நேராக ஒளி பட்டால் படுக்கைவாட்டில் நீளமான ஃப்ளேர் ஓடும். அது அழகுதான், ஆனால் அந்த நொடியில் பார்வையாளர் ஒரு முகத்தை அடையாளம் காண வேண்டும் என்றால் தொல்லை. கைப்பிடிக் கேமராவோடு ஓடுவது, குறுகிய அறைச் சண்டை, இரவுத் தெரு, இவை அதிகம் என்றால் ஸ்ஃபெரிக்கல் எடுத்து வெட்டிக்கொள்வதே மேல். வெட்டும்போது மேலும் கீழும் நகர்த்திக்கொள்ள இடம் மிச்சம் இருக்கும் என்பது கூடுதல் வசதி.

ஐமேக்ஸ் என்றால்

ஐமேக்ஸ் ஒரே விகிதம் இல்லை. 15 துளை 70 எம்.எம். ஃபிலிமுக்கும் பெரிய லேசர் அரங்குகளுக்கும் 1.43, ஆனால் அந்த உயரத்தைக் காட்டும் அரங்குகள் உலகத்திலேயே மிகக் குறைவு. மற்றபடி ஐமேக்ஸ் பலகை மாட்டிய பெரும்பாலான இடங்களில் 1.90தான். உங்கள் படம் எதற்குப் போகப்போகிறது என்று தெரியாமல் 1.43க்குத் திட்டமிட்டால், மேலும் கீழும் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்ததைப் பெரும்பாலானோர் பார்க்கவே மாட்டார்கள்.

ஃபிலிம் ஐமேக்ஸின் நடைமுறைக் கணக்கு இது: நிமிடத்துக்குச் சுமார் 103 மீட்டர் ஃபிலிம் ஓடும், 1000 அடி மகசின் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். கேமரா கனம், பழைய மாடல்களில் சத்தமும் பலம், அதனால் மெதுவாகப் பேசும் வசனக் காட்சிகளுக்கு அவை ஒத்துவராது. டப்பிங்கில் சேர்க்கலாம், ஆனால் கிசுகிசுப்பில் நடக்கும் உளவுக் காட்சியில் நடிகரின் அந்த நேரத்து மூச்சு போய்விடும். 'டெனெட்' (2020) படத்தில் பெரிய காட்சிகளை 15 துளை ஐமேக்ஸிலும் மற்றவற்றை 5 துளை 65 எம்.எம்.மிலும் எடுத்தார்கள், 65 எம்.எம். பகுதிகள் 2.20இல் வரும். 'மிஷன் இம்பாசிபிள்: கோஸ்ட் புரோட்டோகால்' (2011) சுமார் 25 நிமிடத்தை மட்டும் ஐமேக்ஸ் ஃபிலிமில் எடுத்தது, அதில் முக்கியமானது புர்ஜ் கலீஃபா ஏறும் காட்சி. மேலே கண்ணாடி, கீழே நகரம், நடுவில் ஒரு ஆள். உயரம்தான் கதை என்ற இடத்தில் மட்டும் உயரமான ஃப்ரேமைத் திறந்திருக்கிறார்கள்.

விகிதத்தை நடுவில் மாற்றுவதற்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: மாறும் தருணத்தில் கதாபாத்திரத்துக்கும் ஏதாவது திறக்கிறதா? அறைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக வெளியே வருகிறான், விமானத்திலிருந்து குதிக்கிறான், சரி. ஒரே துரத்தலுக்குள் ஷாட்டுக்கு ஷாட் மாறிக்கொண்டே இருந்தால் பார்வையாளர் பட்டைகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

மாற்றாமலே இரண்டுக்கும் எடுக்கலாம். 'ஸ்கைஃபால்' (2012) படத்தை ரோஜர் டீக்கின்ஸ் அலெக்ஸா டிஜிட்டல் கேமராவில் ஸ்ஃபெரிக்கல் லென்ஸில் எடுத்தார், சாதாரண அரங்குகளில் 2.39, ஐமேக்ஸில் முழுப் படமும் 1.90. பெரிய பட்ஜெட் இல்லாதவர்கள் பின்பற்றத்தக்க வழி என்று நான் நினைப்பது இதுதான். ஆனால் உயரமான ஃப்ரேமைப் பாதுகாக்க வேண்டும் என்றால் மைக், லைட், செட்டின் மேல் விளிம்பு எல்லாம் அந்த உயரத்துக்கு வெளியே இருக்க வேண்டும், விஷுவல் எஃபெக்ட்ஸும் முழு உயரத்துக்குச் செய்ய வேண்டும், செலவு கூடும். கதைக்கு உயிரான தகவல் எதையும் 2.39 கோட்டுக்கு வெளியே வைக்காதீர்கள். மேலும் கீழும் இருப்பது சூழலாக இருக்கலாம், துப்பாக்கியாக இருக்கக் கூடாது. ஐமேக்ஸ் அரங்கில் திரை மிக அருகில் இருக்கும், பார்வை இயல்பாக நடுவுக்குக் கொஞ்சம் கீழே விழும், அதனால் முகங்களைச் சற்றுத் தாழ்வாக வைத்துத் தலைக்கு மேலே தாராளமாக இடம் விடுங்கள்.

எழுத்தும் உள்திரைகளும்

உளவுப் படத்தில் எழுத்து அதிகம். ஊர் பெயர், நேரம், வேற்றுமொழி வசனத்துக்கான சப்டைட்டில். இவை எல்லாம் நீங்கள் வெளியிடும் விகிதங்களிலேயே குறுகலான உயரத்துக்குள் அடங்க வேண்டும். கீழ் ஓரத்தில் வெடிகுண்டின் கடிகாரம் ஓடும் ஷாட்டில் சப்டைட்டில் அதன் மேலேயே போய் உட்காரும் கொடுமையை எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாது, படம் பிடிக்கும்போதே யோசிக்க வேண்டும்.

கண்காணிப்புக் கேமரா, செல்போன் வீடியோ, பழைய கோப்புப் படம் ஆகியவற்றுக்கு அவற்றின் சொந்த வடிவத்தையே கொடுங்கள். பழைய சிசிடிவி 4:3, செல்போன் நின்ற வாக்கில் 9:16. ஸ்கோப் ஃப்ரேமுக்குள் நின்ற வாக்கில் ஒரு செல்போன் படம் வந்தால் இரு பக்கமும் இருட்டு மிஞ்சும், அந்த இருட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்தை வைக்கலாம். பழைய காலத்துக் காட்சிக்கு 16 எம்.எம். போகலாம், 400 அடி ரோல் 11 நிமிடம் வரும்.

டெஸ்ட் ஷூட்

கடைசி முடிவைப் பேச்சில் எடுக்காதீர்கள். மூன்று காட்சிகளைப் போதும்போதும் என்கிற அளவுக்கு எடுத்துப் பாருங்கள்: இரவில் ஒருவனைப் பின்தொடர்வது, மேசைக்கு இரு பக்கமும் இருவர், படிக்கட்டில் ஏறுவது. முடிந்தவரை உயரமான ஃப்ரேமில் எடுத்து, அதே காட்சியை 2.39, 2.00, 1.85 என்று வெட்டி உண்மையான தியேட்டர் திரையில் போடுங்கள். மானிட்டரில் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள், அங்கே ஃப்ரேம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடும், பெரிய திரையில் கண் தேட வேண்டும். மூன்றாவது வரிசையிலும் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து பாருங்கள். கதை தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து, பின்தொடர்கிறவனை எந்த நொடியில் கவனித்தார் என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த நொடிக்கு முன்னால் என்றால் அவன் ஃப்ரேமில் அதிகம் துருத்துகிறான், கவனிக்கவே இல்லை என்றால் ஆழம் போதவில்லை அல்லது விளிம்புக்கு மிக அருகில் வைத்துவிட்டீர்கள்.

முடிவானதும் முதல் நாள் ஒவ்வொரு கேமராவிலும் ஃப்ரேமிங் சார்ட்டை ஒரு நிமிடம் பதிவு செய்து, எடிட்டர், விஷுவல் எஃபெக்ட்ஸ், டிஐ (படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் பிரிவு) மூவருக்கும் அனுப்பிவிடுங்கள். மானிட்டர்களில் எல்லாக் கோடுகளும் தெரியட்டும், முதன்மை விகிதத்தின் கோடு மட்டும் வேறு நிறத்தில் இருக்கட்டும்.